ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பது இது. 58 வயதான உங்கள் தாய்மாமாவுக்கு வயலில் மண்வெட்டி காலில் பட்டது. ஒன்பதாம் நாள் வாயைத் திறக்க முடியாமல் போனது. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்று கண்டுபிடித்து, ஐந்து வாரம் மருத்துவமனையில் வைத்துக் காப்பாற்றி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் தடுப்பூசி ஒன்று போட்டு, இன்னும் இரண்டு பாக்கி என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மை ஒரு முறை வந்துவிட்டால் திரும்ப வராது என்கிறோமே, நோயே வந்து போனவருக்குத் தடுப்பூசி எதற்கு, வழக்கத்துக்குப் போட்டுவிட்டார்களா என்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இவ்வளவு கொடிய நச்சு உடலுக்குள் பாய்ந்தும், நம் எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளாமல் எப்படி விட்டது? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்தியும், ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்த்தும் 30 ஆண்டுகள் கழித்தவன் நான். நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆகவே மாமாவுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதையெல்லாம் அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்ட விஷயம் என் துறைக்குள் வருவது, அதில் சந்தேகத்துக்கு இடமும் இல்லை. ரணஜன்னி வந்து பிழைத்தவருக்குத் தடுப்பூசி கட்டாயம் வேண்டும். மருத்துவமனையில் செய்தது சரி. பாக்கி இரண்டையும் தவறாமல் போட்டுவிடுங்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். நம் ஊரில் இந்த ஊசியைச் 'செப்டிக் ஊசி' என்று சொல்வதுண்டு. காலில் ஆணி குத்தியதும், "செப்டிக் ஆகாம இருக்க ஒரு டிடி போட்டுட்டு வா" என்பார்கள். அந்தப் பெயர் நம்மைத் தவறான பக்கம் கூட்டிப்போகிறது. காயத்தில் சீழ் பிடிப்பதை இந்த ஊசி தடுக்காது. ரணஜன்னிக் கிருமியைக்கூட இது கொல்லாது. அந்தக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வித்தாக, பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். ஆழமான காயத்தின் அடியில், ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் இல்லாத செத்த தசையில் போய் விழுந்தால் முளைக்கும். (துருப்பிடித்த இரும்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. துருவோடு ஒட்டியிருக்கும் மண்தான் காரணம்.) முளைத்த கிருமி காயத்தைத் தாண்டி எங்கும் பரவுவதில்லை. காயமே ஆறிப் போயிருக்கலாம், அதில் கிருமியைத் தேடினால் பல நேரம் அகப்படவும் செய்யாது. கிருமி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஒரு புரதத்தைச் சுரக்கிறது. நோய் முழுவதும் அந்த ஒரு புரதத்தின் வேலை. அதைத்தான் டெட்டனஸ் டாக்சின் என்கிறோம், தமிழில் நச்சு என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நச்சுக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒரு பாகம் நரம்பின் நுனியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பாகம் உள்ளே போய்க் கத்தரிக்கிறது. ஒட்டியதும் நரம்பே அதை உள்ளிழுத்து, காலிலிருந்து முதுகுத்தண்டு வரை தன் வழியாகவே சுமந்து போகிறது. அங்கே சில நரம்புகளுக்குத் தசையை அடக்கி வைப்பதுதான் வேலை. கையை மடக்கும்போது நீட்டும் தசை தளர்கிறதே, அது இவற்றால்தான். அந்த அடக்கும் நரம்புகள் தங்கள் செய்தியை வெளியே விடுவதற்கு ஒரு சிறு புரதம் தேவை. நச்சு அதைத்தான் வெட்டுகிறது. அடக்குவதற்கு ஆள் இல்லாமல், மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. முதலில் தாடை, பிறகு கழுத்து, முதுகு, வயிறு.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் வார்டின் கோடியில் இதற்கென்று ஓர் இருட்டறை இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் வெளியே தாழ்வாரத்தில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குக் கட்டிலில் இருந்த இளைஞரின் முதுகு வில்லாக வளைந்து எழும்பியது. தலையும் குதிகாலும் மட்டும்தான் மெத்தையில் பட்டன. கண்கள் திறந்திருந்தன. இந்த நோயில் நினைவு தப்புவதில்லை, ஒவ்வொரு இழுப்பையும் முழு நினைவோடு தாங்க வேண்டும். உங்கள் மாமா ஐந்து வாரம் எதைக் கடந்து வந்திருக்கிறார் என்று அதைப் பார்த்த எனக்குத் தெரியும். அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு என் வணக்கம்.

இப்படி ஓர் உடலையே வளைக்க எவ்வளவு நச்சு வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் கேள்வியின் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மனிதரைக் கொல்லப் போதுமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 நானோகிராமுக்கும் குறைவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 நானோகிராம் வருகிறது. தூள் உப்பில் ஒரே ஒரு துகளை எடுத்துச் சில நூறு பங்காகப் போட்டால், அதில் ஒரு பங்குதான். மனிதரைப் பரிசோதித்துக் கண்ட அளவு அல்ல என்பதால் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் நானோகிராம் கணக்கில்தான் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

நம் எதிர்ப்பாற்றல் ஒன்றைப் புதிதாகக் கற்க வேண்டுமானால் அதற்குப் பொருளும் வேண்டும், காலமும் வேண்டும். ரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் கோடிக்கணக்கான பி செல்கள் (ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் வெள்ளணுக்கள்) சுற்றுகின்றன. அவற்றில் இந்த நச்சின் வடிவத்துக்குப் பொருந்துபவை மிகச் சில. அந்தச் சிலவற்றின் கண்ணில் நச்சு போதிய அளவு பட வேண்டும். அதே நச்சின் துண்டுகளை வேறு செல்கள் விழுங்கி, டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களுக்குக் காட்ட வேண்டும். டி செல் சம்மதம் கொடுத்த பிறகுதான் பி செல் பெருகி ஆன்டிபாடி சுரக்கும், ஒரு பகுதி நினைவுச் செல்லாகத் தங்கும். முதல் முறை பார்க்கும் பொருளுக்கு இதெல்லாம் நடந்து முடிய ஒன்றிரண்டு வாரமாவது ஆகிறது. ரணஜன்னியில் உடலுக்குள் வந்த நச்சே அணுவளவு. அதிலும் பெரும்பகுதி நரம்புக்குள் புகுந்துவிடுகிறது. நரம்புக்குள் போனதை ஆன்டிபாடியும் தொடாது, பி செல்லும் பார்க்காது. பாடம் நடத்த வந்தவர் பலகையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு உடனே வெளியேறியது போலத்தான். கற்பதற்குத் தேவையான அளவைவிடக் கொல்வதற்குத் தேவையான அளவு குறைவு. நோய் வந்தும் எதிர்ப்பாற்றல் வராமல் போவதற்குக் காரணம் அதுதான்.

அம்மையில் நடப்பது வேறு. அம்மைக் கிருமி உடலெங்கும் கோடிக்கணக்கில் பெருகுகிறது. பல நாள் கண்ணெதிரே நடமாடுகிறது. எதிர்ப்பாற்றலுக்கு வேண்டிய மட்டும் பாடம் கிடைக்கிறது. நோய் வந்தால் எதிர்ப்பாற்றல் வரும் என்று நாம் பொதுவாகச் சொல்வது இப்படிப் பெருகும் கிருமிகளை வைத்துச் சொன்னது. நச்சால் வரும் நோய்களுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

இதில் உறுதியானது எது, ஐயத்துக்கு உரியது எது என்றும் சொல்லிவிட வேண்டும். ரணஜன்னி வந்தவருக்கு நம்பத்தக்க பாதுகாப்பு உண்டாவதில்லை என்பது உறுதி. இரண்டாம் முறை வந்தவர்களைப் பற்றிய பதிவுகளே மருத்துவ இதழ்களில் உண்டு. தடுப்பூசியே போடாத சிலரின் ரத்தத்தில் கொஞ்சம் ஆன்டிபாடி இருப்பதாகவும் சில நாடுகளிலிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. குடலில் அந்தக் கிருமி தங்கியதால் வந்திருக்கலாம் என்றார்கள். எப்போதோ போட்ட ஊசியை மறந்திருக்கலாம் என்றும், சோதனையின் குறையாக இருக்கலாம் என்றும் மறுத்தவர்கள் உண்டு. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், அதை நம்பி ஒருவரையும் ஊசி போடாமல் விட முடியாது.

அளவுதான் காரணம் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று வேறொரு நச்சிடமிருந்து வருகிறது. கெட்டுப்போன டப்பா உணவில் வரும் போட்டுலினம் நச்சு, டெட்டனஸுக்கு உடன்பிறப்பு மாதிரி. அதில் ஒரு வகை, டெட்டனஸ் வெட்டும் அதே புரதத்தை அதே இடத்தில் வெட்டுகிறது. ஆனால் அது முதுகுத்தண்டுவரை போகாமல் தசையின் அருகிலேயே நின்றுவிடுவதால், தசை இறுகாமல் துவண்டு போகிறது. இதை மிகச் சிறிய அளவில், கழுத்துத் தசைப் பிடிப்புக்கும் வேறு சில நோய்களுக்கும் மருந்தாகப் பல மாதங்களுக்கு ஒரு முறை ஊசியாகப் போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி, மருந்து வேலை செய்யாமல் போகிறது. பழைய தயாரிப்புகளில் புரதத்தின் அளவு கூடுதல், அவற்றில் இப்படி ஆனவர்களும் அதிகம். புரதத்தைக் குறைத்த பிறகு இந்தச் சிக்கலும் குறைந்தது. காட்டிய பொருளின் அளவும், காட்டிய முறைகளின் எண்ணிக்கையும் எதிர்ப்பாற்றலுக்கு எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரிகிறது.

அப்படியானால் தடுப்பூசி என்ன செய்கிறது? 1890-ல் பெர்லினில் எமில் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டாசாட்டோவும் ஒன்றைக் காட்டினார்கள். டெட்டனஸுக்கு எதிர்ப்பாற்றல் ஊட்டப்பட்ட முயலின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, எலிக்குக் கொடுத்தால், கொல்லும் அளவு நச்சு செலுத்தியும் எலி சாகவில்லை. கிருமியைக் கொல்லாமலே நோயைத் தடுக்கலாம், நச்சை மட்டும் மடக்கினால் போதும் என்று அன்று தெரிந்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் பேரிங்குக்கு இந்தச் சீர சிகிச்சைக்காகத்தான் போனது. 1920-களில் பிரான்சில் காஸ்டன் ரமோன் அடுத்த படியைக் கண்டார். நச்சில் சிறிது ஃபார்மலின் சேர்த்து மிதமான சூட்டில் சில வாரம் வைத்தால் அதன் கொடுமை போய்விடுகிறது, வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இதற்கு டாக்சாய்டு என்று பெயர். பல் பிடுங்கிய பாம்பு என்று வகுப்பில் சொல்வேன். பல் இல்லாததால் பயமின்றி நிறையக் கொடுக்கலாம். ஒரு தடுப்பூசியில் இருக்கும் டாக்சாய்டு, மேலே சொன்ன கொல்லும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். கூடவே அலுமினிய உப்பும் சேர்ந்திருக்கிறது. அது பொருளை ஊசி போட்ட இடத்தில் பிடித்து வைத்து, எதிர்ப்பாற்றல் செல்களையும் அங்கே வரவழைக்கிறது. நோய் தராத அளவையும் அவகாசத்தையும் ஊசி தருகிறது. மூன்று முறை போடுவது ஒவ்வொரு முறையும் அதே பாடத்தை அழுத்திப் பதிக்கத்தான்.

இப்படி உருவாகும் ஆன்டிபாடி நச்சின் ஒட்டும் பாகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கை கட்டப்பட்ட நச்சால் நரம்பைப் பிடிக்க முடியாது. நச்சும் ஆன்டிபாடியும் சந்திப்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான் கிருமிக்கு எலெக் சோதனை என்று ஒன்று செய்வோம். கண்ணாடித் தட்டில் சீரம் கலந்த அகார் என்ற கூழை ஊற்றி, அது உறைவதற்குள் ஆன்டிடாக்சினில் (நச்சுக்கு எதிரான ஆன்டிபாடி உள்ள திரவம்) நனைத்த வடிதாள் பட்டை ஒன்றை நடுவில் வைப்போம். அதற்குக் குறுக்கே, நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமியைக் கோடாக இழுத்து, 37 டிகிரியில் வைத்துவிட்டுப் போவோம். மறுநாளோ அடுத்த நாளோ தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், கிருமிக் கோட்டிலிருந்து சாய்வாகக் கிளம்பும் மெல்லிய வெண்கோடு தெரியும். பட்டையிலிருந்து பரவி வந்த ஆன்டிபாடியும் கிருமியிலிருந்து பரவி வந்த நச்சும் ஒன்றையொன்று பிடித்துப் படிந்த இடம் அது. நோய் எதிர்ப்பு என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வரும். முதல் முறை அதைப் பார்க்கும் மாணவர்கள் சற்று நேரம் பேச மாட்டார்கள்.

சில டிப்தீரியா கிருமிகளுக்கு அந்தக் கோடு வராது, அவற்றுக்கு நச்சு சுரக்கத் தெரியாது. நச்சுக்கான மரபணு கிருமியினுடையதே அல்ல, அதைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வைரஸ் புகுந்த கிருமிதான் ஆளைக் கொல்லும். இந்த நச்சு செல்லுக்குள் போனால் புரதம் செய்யும் வேலையையே நிறுத்திவிடும். ஒரே ஒரு மூலக்கூறு ஒரு செல்லைக் கொல்லப் போதும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். தொண்டையில் செத்த செல்லும் உறைந்த புரதமும் வெள்ளணுக்களும் சேர்ந்து சாம்பல் நிறத் தோலாகப் படியும். நச்சு ரத்தத்தில் கலந்தால் இதயத்தைத் தாக்கும். ஆன்டிடாக்சினை முடிந்தவரை சீக்கிரம் கொடுக்கச் சொல்வது இதனால்தான். செல்லுக்குள் நுழைந்துவிட்ட நச்சை எந்த ஆன்டிடாக்சினும் எட்டாது. இதிலும் நோய் வந்து தேறியவருக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்றே விதி. ஆனாலும் டிப்தீரியா, டெட்டனஸ் அளவுக்குப் பிடிவாதமாகக் கற்பிக்க மறுப்பதில்லை. தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்தில், வெப்ப நாடுகளில் தோல் புண்களில் இந்தக் கிருமி தங்கி, மெல்லக் கசிந்த நச்சாலேயே பல குழந்தைகளுக்கு எதிர்ப்பாற்றல் வந்திருந்தது. இதில் கொல்லும் அளவு டெட்டனஸைப் போல் ஏறக்குறைய 40 மடங்கு என்கிறார்கள். கற்பதற்கு இடம் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதுவரை சொன்னவை எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாமல் வேறு உறுப்பைத் தாக்கும் நச்சுகள். எதிர்ப்பாற்றலின் மேலேயே கை வைக்கும் நச்சுகளும் உண்டு. ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற, நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாக இருக்கும் கிருமியின் சில வகைகள் 'சூப்பர் ஆன்டிஜென்' ஒன்றைச் சுரக்கின்றன. டி செல் ஒன்று தூண்டப்பட வேண்டுமானால், எதிரிலிருக்கும் செல் நீட்டும் துண்டு அதன் பூட்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். அதனால் சாதாரணமாக 10,000 டி செல்லில் ஒன்றுகூட எழும்பாது. இந்த நச்சு பூட்டுக்குள் சாவியைப் போடுவதே இல்லை. இரண்டு செல்களையும் பக்கவாட்டில் பிடித்துச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. உடலில் உள்ள டி செல்களில் 20 சதவீதம் வரை ஒரே நேரத்தில் கிளம்பி, ஊரையே எழுப்பும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. காய்ச்சல், உடலெங்கும் வெயிலில் வெந்தது போன்ற சிவப்பு, சரியும் ரத்த அழுத்தம். 1980-ல் அமெரிக்காவில் மாதவிடாயின்போது அதிகம் உறிஞ்சும் டாம்பூன்களைப் பயன்படுத்திய இளம்பெண்கள் பலரைத் தாக்கியது இந்த நோய்தான்.

உங்கள் கேள்விக்கு இது இன்னும் நெருக்கமானது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நச்சுக்கு எதிரான ஆன்டிபாடி, கிருமியோடு சும்மா பழகியதாலேயே இருக்கிறது. நோய் வருவது அது இல்லாத சிலருக்குத்தான். நோய் வந்து தேறிய பிறகும் அவர்களில் பலருக்கு ஆன்டிபாடி உருவாவதில்லை, அதனால் திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. இங்கே அளவு குறைவு என்று சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய கூச்சலில் பி செல்லுக்குப் போக வேண்டிய முறையான உதவி போவதில்லை என்பது ஒரு விளக்கம். அந்த நபர்களின் எதிர்ப்பாற்றலிலேயே பிறவியில் ஏதோ வேறுபாடு என்பது இன்னொன்று. இரண்டில் எது என்று துறைக்குள் முடிவு எட்டப்படவில்லை. சிகிச்சையிலும் அப்படியே. கிருமியைக் கொல்லும் மருந்தோடு, அது நச்சு தயாரிப்பதையே நிறுத்தும் கிளிண்டமைசினையும் சேர்ப்பதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. பலரின் ரத்தத்திலிருந்து திரட்டிய ஆன்டிபாடியை ஏற்றுவதால் உயிர் பிழைப்போர் எண்ணிக்கை கூடுகிறதா என்பதில் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை.

இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நச்சு என்ற ஒரே சொல்லுக்குள் அதையும் போட்டு நாம் குழப்பிக்கொள்கிறோம். டைபாய்டு, ஈ-கோலி போன்ற கிருமிகளின் மேலுறையிலேயே கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. எண்டோடாக்சின் என்பார்கள். கிருமி இதைச் சுரப்பதில்லை, உடைந்து சாகும்போதுதான் பெரும்பாலும் வெளிப்படுகிறது. கொதிக்க வைத்தாலும் போகாது. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிய சற்று நேரத்தில் சிலருக்குப் பல் கிட்டிக்கும் நடுக்கம் வருமே, அதற்குக் காரணமாகக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. கிருமி செத்தாலும் அதன் உறை திரவத்தில் மிஞ்சியிருந்தால் போதும். ஆய்வுகளில் தாமாக முன்வந்த ஆரோக்கியமானவர்களுக்குக் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் வரை இதைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். குளிரும் காய்ச்சலும் வந்து சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதே அளவு டெட்டனஸ் நச்சு ஆளைக் கொன்றிருக்கும்!

இந்தப் பொருள் எந்தச் செல்லையும் வெட்டுவதில்லை, எதையும் நிறுத்துவதில்லை. 'கிருமி வந்துவிட்டது' என்று நம் செல்கள் தெரிந்துகொள்ளும் அடையாளம்தான் இது. டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி இதை உணர்ந்ததும் மணி அடிக்கிறது. பிறவியிலேயே அந்த ஏற்பி பழுதான எலிகளுக்கு இதை எவ்வளவு கொடுத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அந்த எலிகளை வைத்துத்தான் 1998-ல் புரூஸ் பாய்ட்லரின் குழு இந்த ஏற்பியைக் கண்டது. 2011-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ரத்தத்தில் கிருமி பெருகும்போது அந்த மணி விடாமல் அடித்து, நம் உடலின் பதிலே நம்மைச் சாய்க்கிறது. ரணஜன்னியில் எதிர்ப்பாற்றலுக்குச் சேதியே எட்டவில்லை, இங்கே சேதி அளவுக்கு மீறி எட்டுகிறது. எண்டோடாக்சினை மடக்கினால் போதும் என்று 1990-களிலிருந்து பல மருந்துகளை முயன்றார்கள். ஆன்டிபாடியும் கொடுத்துப் பார்த்தார்கள், ஏற்பியை அடைக்கும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய ஆய்வுகளில் அவை கைகொடுக்கவில்லை. டெட்டனஸில் அவ்வளவு அழகாக வேலை செய்த தத்துவம் இங்கே தோற்றதை நாங்கள் எல்லோரும் வருத்தத்தோடு பார்த்தோம்.

நச்சாலேயே நோய் தந்தாலும், பாதுகாப்பு நச்சுக்கு எதிராக உருவாகாத நோயும் உண்டு. காலராவில் வயிறு நீராகப் போவதற்குக் காரணம் கிருமி சுரக்கும் நச்சுதான் என்று 1959-ல் கொல்கத்தாவில் சம்புநாத் டே காட்டினார். ஆனால் காலரா வந்து தேறியவரைச் சில ஆண்டுகள் காப்பது, நச்சுக்கு எதிரான ஆன்டிபாடியைவிடக் கிருமியின் உறைக்கு எதிரான ஆன்டிபாடிதான். காலராக் கிருமி குடலில் பெருகித் தன்னை நன்றாகக் காட்டிக்கொள்கிறதல்லவா? ஆகவே நச்சு என்று கேட்டதும், அது எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது, கூடவே கிருமியும் கண்ணில் படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

டாக்சாய்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. நிமோனியா, மூளைக்காய்ச்சல் தரும் சில கிருமிகள் தங்களைச் சர்க்கரை உறையால் மூடிக்கொள்கின்றன. சர்க்கரையை டி செல் அடையாளம் காண்பதில்லை, அதனால் கைக்குழந்தைகளுக்கு அந்த உறைக்கு எதிரான நினைவு உருவாவதில்லை. அந்தச் சர்க்கரையை டெட்டனஸ் டாக்சாய்டோடு, அல்லது ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் கொடுமை இழந்த டிப்தீரியா நச்சோடு, ரசாயனமாகப் பிணைத்துக் கொடுக்கிறார்கள். டி செல் அந்தப் புரதத்தைப் பார்த்துச் சம்மதம் கொடுக்கிறது, அதன் துணையில் சர்க்கரைக்கும் ஆன்டிபாடி உருவாகிறது. ஒரு காலத்தில் வீடு வீடாகக் குழந்தைகளைக் கொன்ற நச்சு, இன்று வேறு நோய்களைக் கற்றுக்கொடுக்கும் உதவி ஆசிரியராக இருக்கிறது.

மாமாவின் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் சேர்ந்தபோது அவருக்கு இம்யூனோகுளோபுலின் என்று ஓர் ஊசி போட்டிருப்பார்கள். அது மற்றவர்களின் உடலில் உருவான ஆன்டிபாடி. நரம்புக்குள் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த நச்சை மடக்க அது உதவியிருக்கும். ஏற்கெனவே உள்ளே போனதை அது தொட்டிருக்காது. நரம்புகள் புது முனைகளை வளர்த்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஐந்து வாரம் ஆனது அதனால்தான். அந்த இரவல் ஆன்டிபாடி மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பாதியாகி, சில மாதங்களில் இல்லாமல் போய்விடும். அதன் பிறகு அவருக்குச் சொந்தமாக ஒன்றும் இருக்காது, திரும்ப அதே வயலுக்குத்தான் போவார். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் குறைந்தது நான்கு வாரம், அதிலிருந்து ஆறு மாதமாவது கழித்து மூன்றாவது என்பது பொதுவான கணக்கு. இப்போது டெட்டனஸுக்கு மட்டுமான பழைய டிடி (TT) இல்லாமல், டிப்தீரியாவும் சேர்ந்த Td தடுப்பூசியைத்தான் நம் நாட்டில் போடுகிறார்கள், இரண்டுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். பிற்பாடு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் 10 ஆண்டுக்கு ஒரு முறை என்கிறார்கள், பிரிட்டனில் வாழ்நாளில் ஐந்து தவணை முறையாகப் போட்டிருந்தால் பொதுவாகப் போதும் என்கிறார்கள். காயம் படும்போது மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இன்னும் யார் யாருக்கு விட்டுப்போயிருக்கிறது என்றும் பாருங்கள். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1978-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் பெண்களுக்குக் கர்ப்பமாக இருந்தபோது போட்டிருப்பார்கள். தாயிடம் உருவாகும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போவதால், 2015-ல் பச்சிளங்குழந்தை ரணஜன்னி இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத அளவுக்குக் குறைந்ததாக அறிவிக்க முடிந்தது. அந்த வயது ஆண்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பே வரவில்லை. மாமாவோடு வயலில் வேலை செய்யும் அவர் வயது அண்ணன் தம்பிகளில் மூன்று தவணை முழுமையாகப் போட்டவர் ஒருவராவது இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். அத்தையிடம் கேட்டால் தனக்குப் போட்டது நினைவிருக்கும். அவரைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. இரண்டாவது தவணைக்கு மாமாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகும்போது அவர் தம்பிகளையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.